முகச் சுருக்கத்துக்கு ஆசிட் போடலாமா? மெடிக்கலில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் ஒரு மெடிக்கலில் மருந்தாளுநராக இருக்கிறேன். கொஞ்ச காலமாகவே கிளைகோலிக் ஆசிட், லாக்டிக் ஆசிட் என்று பெயர் எழுதிய சீட்டையோ, போனில் எடுத்த படத்தையோ காட்டி "இது சுருக்கத்துக்கு நல்லதா" என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். கேட்பது பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். கவுண்டரில் பின்னால் ஆள் நிற்கும்போது முழுசாகச் சொல்ல முடியாது, பாதி சொன்னால் அது ஆபத்து, அதனால் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை, டாக்டரைப் பார்க்க வேண்டிய இடத்தில் அதைச் சொல்லியிருக்கிறேன்.

முதலிலேயே ஒன்று. முகத்தை வெயிலிலிருந்து மறைக்க உங்களுக்கு வழி இல்லை என்றால் இந்த ஆசிட்டுகளை வாங்காதீர்கள். ஏன் என்பது கீழே வரும்.

"ஆசிட்னு சொல்றீங்களே அக்கா, ரப்பர் பாலுல ஊத்துற ஆசிட் மாதிரியா? மொகம் வெந்து போவாதா?"

குலசேகரம், திருவட்டாறு பக்கத்திலிருந்து வருபவர்கள் முதலில் கேட்பது இதுதான். அந்தப் பயம் நியாயமானது. ரப்பர் பாலை உறைய வைக்க ஊற்றுவது ஃபார்மிக் ஆசிட், அது நேராகக் கையில் பட்டால் கொப்பளம் போட்டுவிடும், தண்ணீரில் நிறையக் கலக்கித்தான் பாலில் விடுவார்கள். முகத்துக்கு வருகிறவை வேறு ஆசிட்டுகள். கரும்பில் இருக்கும் கிளைகோலிக், புளித்த பாலில் இருக்கும் லாக்டிக், கசப்பு வாதுமையிலிருந்து முதலில் எடுத்த மாண்டெலிக். இவற்றை ஆல்ஃபா ஹைட்ராக்சி ஆசிட், சுருக்கமாக ஏ.எச்.ஏ. என்பார்கள். வீட்டில் போட்டுக்கொள்ளும் கிரீமிலும் சீரத்திலும் பெரும்பாலும் 5 முதல் 10 சதவீதம்தான் இருக்கும்.

தோலின் மேல் அடுக்கில் இருப்பவை செத்த செல்கள். அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும், தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக உதிரும். வயசு ஏற ஏற இந்த உதிர்தல் மெதுவாகிவிடும், வெயில் பட்ட முகத்தில் அந்த அடுக்கு ஒழுங்கில்லாமல் தடித்துப் போகும், அதனால்தான் முகம் மங்கலாகவும் கோடுகள் எடுப்பாகவும் தெரிகிறது. ஏ.எச்.ஏ. அந்த ஒட்டைத் தளர்த்திவிடுகிறது. யூஜின் வான் ஸ்காட், ரூயி யூ என்ற இரண்டு பேர் அமெரிக்காவில் 1974-ல் இதைப் பற்றி எழுதியபோது அவர்கள் பார்த்தது சுருக்கத்தை இல்லை, செதில் செதிலாகத் தோல் உரியும் இக்தியோசிஸ் என்ற நோயை. சுருக்கத்துக்கு இதைப் போடும் வழக்கம் அதற்குப் பிறகு வந்ததுதான்.

"பழத்திலும் பாலிலும் உள்ள ஆசிட், ஒன்றும் செய்யாது" என்று அசட்டையாக இருக்கவும் கூடாது. இதே கிளைகோலிக் ஆசிட் 70 சதவீதத்தில் டாக்டர்கள் நிமிஷக் கணக்குப் பார்த்துக் கையாளும் பொருள். நேரம் தப்பினால் தோல் வெந்துதான் போகும்.

"உண்மையச் சொல்லுங்க, சுருக்கம் போயிருமா போவாதா?"

பொடிக் கோடுகள் மங்கும். ஆழமான கோடுகள் போகாது. சுவருக்கு வெள்ளை அடித்தால் பொடி வெடிப்பு மறையும், அஸ்திவாரம் இறங்கி விழுந்த விரிசல் மறையாது, அது மாதிரிதான் இதுவும். கண்ணோரத்திலும் கன்னத்திலும் வறட்சியாலும் வெயிலாலும் வந்த மெல்லிய கோடுகள், சொரசொரப்பு, திட்டுத் திட்டான நிறம், இதெல்லாம் குறையும். நெற்றியைச் சுருக்கிச் சுருக்கி விழுந்த கோடு, மூக்கிலிருந்து வாய் ஓரம் வரை இறங்கும் மடிப்பு, தாடைக்குக் கீழே தொங்கும் தோல், இவற்றுக்கு எந்த பாட்டில் ஆசிட்டும் பதில் இல்லை.

நம்பிச் சொல்லக்கூடிய ஒரு கணக்கும் இருக்கிறது. 1996-ல் வெளியான ஒரு ஆய்வில் 40 முதல் 70 வயசு வரையான 74 பெண்களைப் பிரித்து, சிலருக்கு 8 சதவீத கிளைகோலிக் கிரீம், சிலருக்கு 8 சதவீத லாக்டிக் கிரீம், மற்றவர்களுக்கு ஆசிட்டே இல்லாத வெறும் கிரீம் கொடுத்து 22 வாரம் போடச் சொன்னார்கள். யாருக்கு எது என்று போடுகிறவருக்கும் தெரியாது, பார்க்கிற டாக்டருக்கும் தெரியாது. முடிவில் கிளைகோலிக் போட்டவர்களில் 76 சதவீதம் பேருக்கும், லாக்டிக் போட்டவர்களில் 71 சதவீதம் பேருக்கும் வெயிலால் வந்த பாதிப்பு குறைந்தபட்சம் ஒரு படி இறங்கியிருந்தது. படி என்பது 0 முதல் 9 வரை போட்ட அளவுகோலில் ஒரு படி. வெறும் கிரீம் போட்டவர்களிலும் 40 சதவீதம் பேருக்கு அதே முன்னேற்றம் வந்ததையும் கவனியுங்கள். ராத்திரி ஒழுங்காக மாய்ஸ்சரைசர் போடுவதே பாதி வேலையைச் செய்துவிடுகிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

22 வாரம் என்றால் ஐந்து மாசம். "ஒரு வாரத்தில் பத்து வயசு குறையும்" என்று யாராவது விற்றால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

"கடையில போனா பத்து பேரு சொல்றாங்க. இதுல எனக்கு எது?"

கிளைகோலிக்கின் மூலக்கூறு மிகச் சிறியது, சீக்கிரம் உள்ளே இறங்கும், வேகமாக வேலை செய்யும், எரிச்சலும் அதிகம். லாக்டிக் அதைவிடக் கொஞ்சம் பெரியது, ஈரத்தையும் பிடித்துவைக்கும். மாண்டெலிக் கிளைகோலிக்கைப் போல இரண்டு மடங்கு பெரியது, மெதுவாக இறங்கும், நம் மாதிரி மாநிற, கறுப்பு நிறத் தோலில் கருமை விழும் பயம் இதில் குறைவு. குளுக்கோனோலாக்டோன் என்று ஒன்று உண்டு, அது பாலிஹைட்ராக்சி ஆசிட், சுருக்கமாக பி.எச்.ஏ. (PHA) என்ற வகை, எல்லாவற்றிலும் மிருதுவானது. சாலிசிலிக் எண்ணெயில் கரையும், துவாரத்துக்குள் போகும், பருவுக்கு நல்லது, சுருக்கத்துக்கு அது முதல் தேர்வு இல்லை. ஆஸ்பிரின் ஒவ்வாதவர்கள் அதைத் தொட வேண்டாம்.

முதல் தடவை போடுகிறவர்களுக்கு நான் சொல்வது 5 சதவீத லாக்டிக் அல்லது மாண்டெலிக். மூன்று மாசம் போட்டு முகம் ஏற்றுக்கொண்டால் அப்புறம் 8, 10 என்று யோசிக்கலாம். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றடிக்கும் மாசங்களில் முகம் ஏற்கனவே வறண்டுபோய்க் கிடக்கும், அந்த ஊர்க்காரர்கள் காற்றுக்காலம் முடிந்த பிறகு ஆரம்பிப்பது நல்லது.

"எலுமிச்சம்பழம், தயிரு, புளி எல்லாத்துலயும் ஆசிட் தானே இருக்கு? என்னதுக்கு காசு குடுத்து வாங்கணும்?"

எலுமிச்சையைத் தயவுசெய்து முகத்தில் தேய்க்காதீர்கள். அதன் புளிப்பு தோல் தாங்குகிற அளவைவிட மிக அதிகம். போதாததற்கு எலுமிச்சைச் சாற்றிலும் தோலிலும் சொராலென் என்ற பொருள்கள் இருக்கின்றன, அவை முகத்தில் இருக்கும்போது வெயில் பட்டால் தீப்பட்டது போலச் சிவந்து, கொப்பளித்து, மாசக்கணக்கில் போகாத கறுப்புத் தடம் விழும். சாறு வழிந்த வழியிலேயே கோடாகக் கறுத்த முகங்களைக் கவுண்டரில் பார்க்கிறேன்.

புளியில் டார்டாரிக் ஆசிட் இருக்கிறது, மீன்குழம்பில் போடும் கொடம்புளியில் ஹைட்ராக்சிசிட்ரிக் ஆசிட் இருக்கிறது, இரண்டுமே ஏ.எச்.ஏ. குடும்பம்தான். ஆனால் ஒரு கரைசலில் எத்தனை சதவீதம் என்று நீங்கள் எப்படி அளப்பீர்கள்? ஒரு நாள் சும்மா இருக்கும், மறுநாள் காந்தும். அது மீன்குழம்பிலேயே இருக்கட்டும். தயிரால் கெடுதல் இல்லை, அதில் லாக்டிக் ஆசிட் சுமார் 1 சதவீதம்தான், கழுவியதும் முகம் மிருதுவாகத் தெரியும், சுருக்கத்தில் பெரிய மாற்றம் வராது. மார்த்தாண்டத்துத் தேனைப் பற்றியும் கேட்கிறார்கள். தேனில் இருக்கும் முக்கியமான ஆசிட் குளுக்கோனிக், மேலே சொன்ன குளுக்கோனோலாக்டோனுக்கு உறவு. தேன் ஈரத்தைப் பிடித்துவைக்கும், பத்து நிமிஷம் போட்டுக் கழுவுவதில் தப்பில்லை, அவ்வளவுதான்.

"சரி, வாங்கியாச்சு. எப்படிப் போடணும்?"

முதலில் காதுக்குப் பின்னால் அல்லது முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி இரண்டு நாள் பாருங்கள். சிவப்பு, அரிப்பு, தடிப்பு இல்லையென்றால் முகத்துக்கு வரலாம்.

ராத்திரி மட்டும். முகத்தைச் சாதாரண ஃபேஸ்வாஷால் கழுவி, துடைத்து, நன்றாகக் காயவிட்டு (ஈர முகத்தில் போட்டால் காந்தல் கூடும்), ஒரு பட்டாணி அளவு எடுத்து நெற்றி, கன்னம், தாடை என்று மெல்லியதாகப் பரப்புங்கள். கண் இமை, கண்ணுக்கு நேர் கீழே, மூக்கின் ஓரம், உதட்டோரம் இந்த இடங்களை விட்டுவிடுங்கள், அங்கே தோல் மெல்லியது, ஆசிட் போய்த் தேங்கவும் செய்யும். வேண்டுமானால் அந்த இடங்களில் முன்கூட்டியே கொஞ்சம் வாசலின் தடவிக்கொள்ளலாம். பத்து நிமிஷம் கழித்து மேலே மாய்ஸ்சரைசர். முதல் மாசம் வாரத்துக்கு இரண்டு ராத்திரி போதும், அப்புறம் மூன்று. தினமும் போட்டால் இரண்டு மடங்கு பலன் வரும் என்று கணக்குப் போடாதீர்கள், எரிச்சல்தான் இரண்டு மடங்கு வரும்.

வால்நட் பொடி, சர்க்கரை, காபித்தூள் போட்டுத் தேய்க்கும் ஸ்க்ரப்பை அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். உதிர்க்கும் வேலையை ஆசிட் செய்யும்போது மேலே உரசுவது புண்ணில் உரசுவதுதான்.

"போட்டதும் காந்துது. காந்துனாதானே வேலை செய்யுதுன்னு அர்த்தம்?"

இல்லை. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் லேசாகச் சுருசுருவென்று இருந்து அடங்கினால் அது சாதாரணம். ஐந்து நிமிஷம் தாண்டியும் காந்தினால், சிவந்தால், உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். சோடா உப்பெல்லாம் போட்டு முறிக்கப் பார்க்க வேண்டாம், தண்ணீர் போதும்.

முகம் இறுக்கிப் பிடிப்பது, சாதாரணத் தண்ணீர் பட்டாலே எரிவது, எண்ணெய் பூசியது மாதிரி மினுங்கிக்கொண்டே வறண்டிருப்பது, இதெல்லாம் தோலின் காவல் அடுக்கு அறுந்துவிட்டதன் அடையாளம். அந்த மினுக்கத்தைப் "பளபளப்பு வந்துட்டு" என்று நினைத்து இன்னும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதுதான் எனக்குக் கவலை. ஆசிட்டை நிறுத்திவிட்டு மாய்ஸ்சரைசரும் வாசலினும் மட்டும் போட்டு, முகம் பழைய நிலைக்கு வர மூன்று நான்கு வாரம் கொடுங்கள். கொப்பளமோ நீர் வடிதலோ இருந்தால் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

"நான் முட்டத்துல மீன் வியாபாரம். காலையில இருந்து வெயில்லதான் நிக்கிறேன். எனக்கு இது கொள்ளாமா?"

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதினேன் என்று சொல்லலாம். முகச் சுருக்கத்துக்கு வயசுக்கு அடுத்து பெரிய காரணம் வெயில். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் தோலுக்கு அடியில் இருக்கும் கொலாஜனை, அதாவது தோலைக் கட்டிப்பிடித்து வைக்கும் நாரை, வருஷக்கணக்கில் அறுக்கிறது. உங்கள் புஜத்தின் உள்பக்கத் தோலையும் முகத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இரண்டுக்கும் ஒரே வயசுதான், வித்தியாசம் பெரும்பாலும் வெயில்.

நம் மாவட்டம் நிலநடுக்கோட்டிலிருந்து 8 டிகிரி வடக்கில் இருக்கிறது. வருஷம் முழுக்க நடுப்பகலில் சூரியன் நல்ல உயரத்தில்தான். கடற்கரை மணல் விழுகிற புற ஊதாக் கதிரில் சுமார் 15 சதவீதத்தையும், அலை நுரை சுமார் 25 சதவீதத்தையும் திருப்பி அடிக்கிறது, அதனால் தலைக்கு மேலே மட்டும் மறைத்தால் கீழேயிருந்து கொஞ்சம் வந்துகொண்டே இருக்கும். இப்படிப்பட்ட இடத்தில் ஏ.எச்.ஏ. போட்டால் என்ன ஆகும் என்றால், தோல் வெயிலில் வேகிற சுபாவம் கூடும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2005-லேயே இந்தப் பொருள்களின் மேல் எச்சரிக்கை அச்சிடச் சொல்லி வழிகாட்டியது: போடும் காலத்திலும், நிறுத்திய பிறகு ஒரு வாரமும், சன்ஸ்கிரீன் போட்டு, உடம்பை மறைத்து, வெயிலைக் குறைக்க வேண்டும் என்று. ராத்திரி மட்டும் போட்டாலும் பகலில் இந்த விளைவு இருக்கும், ராத்திரியோடு முடிந்துவிடாது.

அதனால் நேரடியாகவே சொல்கிறேன். முட்டம், குளச்சல் கடற்கரையில் மீன் விற்கிறவர்கள், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள், தோவாளைத் தோட்டத்தில் பூப்பறிக்கிறவர்கள், வெயிலில் நிற்காமல் பிழைப்பு நடக்காத யாராக இருந்தாலும், ஆசிட் வாங்கும் காசை ஒரு நல்ல சன்ஸ்கிரீனிலும் அகல விளிம்புத் தொப்பியிலும் போடுங்கள். முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டு அதற்கு மேல் தொப்பி வைத்தால் காதும் கழுத்தும்கூட மறையும். அதுவே சுருக்கம் மேலும் கூடாமல் தடுக்கும், ராத்திரி மாய்ஸ்சரைசர் போட்டால் இருக்கிற கோடும் கொஞ்சம் மங்கும், மேலே சொன்ன 40 சதவீதக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். நிழலில் வேலை, போகும்போதும் வரும்போதும் மட்டும் வெயில் என்றால் ஆசிட்டும் சன்ஸ்கிரீனும் சேர்த்துப் போகலாம்.

"இஞ்ச பாதி நாளு மழையும் மேகமும்தான். அப்பவும் சன்ஸ்கிரீன் வேணுமா?"

வேண்டும். நமக்குத் தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு, ஆனால் லேசான மேகத்தைப் புற ஊதாக் கதிரின் பெரும்பகுதி தாண்டி வந்துவிடும். சுருக்கத்துக்கு முக்கியமான யு.வி.ஏ. என்ற வகைப் புற ஊதாக் கதிர் ஜன்னல் கண்ணாடியையும் தாண்டும். தினமும் காரிலோ கண்ணாடி ஜன்னல் பக்கத்து மேசையிலோ ஒரே பக்கமாக உட்காருகிறவர்களுக்கு அந்தப் பக்கக் கன்னம் தனியாகத் தெரியும்.

எஸ்.பி.எஃப்., அதாவது சன்ஸ்கிரீன் எவ்வளவு காக்கும் என்று காட்டும் எண், 30 அல்லது அதற்கு மேல், "பிராட் ஸ்பெக்ட்ரம்" என்று எழுதியிருக்க வேண்டும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நீளத்துக்கு எடுத்தால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் போதும், பொட்டு வைப்பது மாதிரி வைத்தால் பாட்டிலில் எழுதிய எண் உங்களுக்குக் கிடைக்காது. வியர்வை வழியும் ஊர் இது, வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் போடுங்கள்.

"ரெண்டு பாட்டில்லயும் 10 சதவீதம்தான் போட்டிருக்கு. ஒண்ணு எரியுது, ஒண்ணு தண்ணி மாதிரி இருக்கு. ஏன்?"

பி.எச்., அதாவது புளிப்பைக் காட்டும் எண், வேறாக இருக்கும். அந்த எண் குறைந்தால் புளிப்பு அதிகம். பி.எச். குறையக் குறைய ஆசிட் சுதந்திரமாக இருக்கும், உள்ளே இறங்கும். கிளைகோலிக் ஆசிட் பி.எச். 3.8 சுற்றி இருக்கும்போது பாதிதான் வேலை செய்யும் நிலையில் இருக்கும், 5-க்கு மேலே போனால் பெரும்பகுதி வெறும் உப்பாகிவிடும், அப்போது அது ஈரம் பிடித்துவைக்கும் பொருள்தான், உதிர்க்காது. அதனால் சதவீதத்தோடு பி.எச்.-சும் எழுதியிருக்கிற பாட்டிலை நான் அதிகம் நம்புவேன். அமெரிக்காவில் அழகுசாதனப் பொருள்களை ஆராயும் நிபுணர் குழு 1990-களிலேயே வீட்டு உபயோகத்துக்கு வரம்பு சொல்லிவிட்டது: 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம், பி.எச். 3.5-க்குக் கீழே வேண்டாம்.

"எனக்க தம்பி துபாய்ல இருந்து செவப்பா ஒரு பாட்டில் கொண்டு வந்தான், 30 சதவீதம். பத்து நிமிஷத்துல கழுவணும்னு போட்டிருக்கு. போடலாமா?"

மேலே சொன்ன அதே குழு, 30 சதவீதம் வரை பயிற்சி பெற்றவர்கள் சலூனில் கொஞ்ச நேரம் மட்டும் போட்டுக் கழுவ வேண்டியது என்றுதான் வைத்தது, அதுவும் பி.எச். 3-க்குக் குறையாமல். அதை வீட்டில் போட வேண்டுமென்றால் குறைந்த அளவு ஆசிட்டை மாசக்கணக்கில் சிக்கலில்லாமல் போட்டுப் பழகிய முகமாக இருக்க வேண்டும். முதல் ஆசிட்டே இதுவாக இருந்தால் என் பதில் வேண்டாம் என்பதுதான். தம்பி ஆசையாகக் கொண்டுவந்ததுதான், ஆனாலும் முகம் உங்களுடையது.

"கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கு. பார்லர்ல பீல் பண்ணலாம்னு சொல்றாங்க..."

ஒரு வாரத்தில் வேண்டாம். பீல் என்றால் வீரியமான ஆசிட் போட்டுத் தோலை உரிப்பது, அதைச் செய்தால் பல நாள் தோல் உரியும், சிவந்திருக்கும், சிலருக்குக் கறுக்கும். முகூர்த்தத்தன்று அந்த முகத்தில் மேக்கப்பும் நிற்காது. செய்வதானால் இரண்டு மூன்று மாசம் முன்னாடி, தோல் டாக்டரிடம். எந்த ஆசிட், எத்தனை சதவீதம் என்று கேட்டு பதில் சொல்லாத இடத்தில் முகத்தைக் கொடுக்காதீர்கள். வீட்டில் ஆசிட் போடுகிறவர்கள் த்ரெட்டிங், வேக்ஸிங், பிளீச், பீல் எதுவானாலும் ஒரு வாரம் முன்பே ஆசிட்டை நிறுத்திவிட்டு, போகிற இடத்தில் அதைச் சொல்லவும் வேண்டும். ஆண்கள் ஷேவ் செய்த ராத்திரியில் போட வேண்டாம், மறுநாள் போடுங்கள்.

"ரெட்டினால்தான் சுருக்கத்துக்கு பெஸ்ட்ங்காங்க. ரெண்டையும் சேத்துப் போட்டா சீக்கிரம் போயிருமா?"

சுருக்கத்துக்கு ஆசிட்டைவிட வலுவான சான்று வைட்டமின் ஏ வகை மருந்தான ட்ரெட்டினாயினுக்கு இருக்கிறது என்பது உண்மை. 1995-லேயே அமெரிக்காவில் பொடிச் சுருக்கத்துக்கென்று அதற்கு அனுமதி கொடுத்தார்கள். நம் நாட்டில் டாக்டர் சீட்டு வேண்டும். ரெட்டினால் அதே ரெட்டினாய்டு குடும்பம், வீரியம் குறைவு, சீட்டு தேவையில்லை. இவை அடியில் இருக்கும் கொலாஜன் வரை வேலை செய்பவை, ஆசிட்டின் வேலை முக்கியமாக மேல் அடுக்கில்.

இரண்டையும் ஒரே ராத்திரியில் போடாதீர்கள். ஒன்றைத் தனியாக மூன்று மாசம் போட்டுப் பழகிய பிறகு மற்றதை வேறு ராத்திரியில் சேர்க்கலாம்: ஒரு ராத்திரி ஆசிட், ஒரு ராத்திரி ரெட்டினால், நடுவில் ஒன்றிரண்டு ராத்திரி மாய்ஸ்சரைசர் மட்டும். ஒன்றுதான் வாங்க முடியும், சுருக்கம் மட்டும்தான் கவலை என்றால் டாக்டரிடம் கேட்டு ரெட்டினாய்டு பக்கம் போவதே சரி. சொரசொரப்பும் மங்கலும் சேர்ந்திருந்தால் ஆசிட்.

"எனக்க மைனி மாசமா இருக்கா. அவ போடலாமா?"

ரெட்டினால், ட்ரெட்டினாயின் கர்ப்பத்தில் கூடவே கூடாது, பிள்ளைக்கு முயற்சி செய்யும்போதே நிறுத்திவிட வேண்டும். குறைந்த சதவீத லாக்டிக், கிளைகோலிக் ஆசிட்டைப் பொதுவாக டாக்டர்கள் தடுப்பதில்லை, ஆனாலும் பாட்டிலைக் கொண்டுபோய்ப் பிரசவம் பார்க்கும் டாக்டரிடம் காட்டிவிட்டுப் போடட்டும். சாலிசிலிக் பீல் வேண்டாம். கர்ப்பத்தில் மங்கு வருவது சகஜம், வெயில் பட்டால் அது இன்னும் கறுக்கும், அதனால் இந்தக் காலத்தில் சன்ஸ்கிரீனும் குடையும்தான் முக்கியம்.

"ஆசிட் போட்ட பிறகு மொகம் கறுத்துப் போச்சு. வெளுக்கும்னுதானே சொன்னாங்க?"

நம் தோலில் எங்கே எரிச்சல் வந்தாலும் அது ஆறும்போது கருமை விட்டுவிட்டுப் போகும். பரு ஆறிய இடம், கொசு கடித்துச் சொறிந்த இடம் கறுப்பதும் இதே காரணம்தான். வெள்ளைக்காரத் தோலில் சிவந்து போய்விடுகிற எரிச்சல் நமக்கு மாசக்கணக்கில் கறுப்பாக நிற்கும். வெளிநாட்டு வீடியோவில் ஒருத்தி தினமும் 10 சதவீதம் போடுகிறாள் என்று நாமும் போடக்கூடாது என்பது அதனால்தான். காந்தலைப் பற்றி மேலே சொன்னதைப் படித்து, ஆசிட்டை நிறுத்துங்கள், சன்ஸ்கிரீனை விடாதீர்கள். ஆறு வாரத்தில் மங்க ஆரம்பிக்கவில்லை என்றால் தோல் டாக்டர். கறுப்பை எடுக்க இன்னொரு ஆசிட்டை மேலே போடுவது மட்டும் வேண்டாம்.

"முன்ன ஒரு நைட் கிரீம் போட்டேன், ஒரே வாரத்துல மொகம் மினுங்கிச்சு. அத விட்டா செவக்குது, அரிக்குது. அதுக்கு மேல ஆசிட் போடலாமா?"

கூடாது. ஒரு வாரத்தில் மினுங்கி, விட்டால் சிவந்து அரிக்கிற கிரீம் என்றால் அதில் ஸ்டீராய்டு இருக்க வாய்ப்பு மிக அதிகம். டியூபில் பீட்டாமெத்தசோன், குளோபிட்டசால், மோமெட்டசோன் என்று ஏதாவது அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். முகத்தில் தொடர்ந்து போட்டால் இவை தோலையே மெலிய வைத்துவிடும், ரத்தக் குழாய்கள் தெரியும், முடி முளைக்கும், சுருக்கம் குறைய வேண்டும் என்று போட்டது சுருக்கத்தையே கூட்டும். 2018-லிருந்து இந்தக் கிரீம்கள் பலவற்றைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று சட்டம் வந்துவிட்டது, கேட்டால் நான் கொடுப்பதில்லை என்பதற்குக் காரணம் அதுதான். மெலிந்த தோலில் ஆசிட் போட்டால் புண்ணாகிவிடும். ஸ்டீராய்டைத் திடீரென்று நீங்களாக நிறுத்துவதும் கஷ்டம், டாக்டர் சொல்லி இறக்க வேண்டும்.

டப்பாவில் என்ன இருக்கிறது, யார் செய்தது என்று எதுவுமே எழுதாத கிரீம் இன்னும் மோசம். பாதரசம் இருக்கலாம். பக்கத்தில் கேரளத்தில், மலப்புரம் மாவட்டத்தில் 2023-ல் சிறுநீரகம் கெட்டு வந்தவர்களைப் பார்த்த டாக்டர்கள், அவர்கள் போட்ட வெளுக்கும் கிரீமைத்தான் காரணமாகக் காட்டினார்கள். அது வந்த மாதிரிச் சரக்கு இங்கேயும் வரும், எல்லை தாண்ட ஒரு பஸ் போதும்.

"விட்டுட்டா சுருக்கம் முன்ன இருந்ததவிட கூடிருமா?"

கூடாது. ஆசிட்டால் வந்த முன்னேற்றம் சில வாரத்தில் மெல்லக் குறைந்து பழைய நிலைக்கு வரும், அவ்வளவுதான். கூடியது போலத் தோன்றினால் அது பெரும்பாலும் மாய்ஸ்சரைசரையும் சேர்த்து விட்டதால் வந்த வறட்சி. நிறுத்திய பிறகும் ஒரு வாரம் வெயிலில் கவனம் வேண்டும் என்று முட்டத்து அக்காவுக்குச் சொன்னது எல்லோருக்கும் பொருந்தும்.

"அம்மைக்கு 68 வயசு. மொகத்துல சுருக்கத்தோட சொரசொரன்னு ஒரு தடம் இருக்கு, அது மேலயும் ஆசிட் போட்டா உரிஞ்சு போயிருமா?"

அந்தத் தடத்தின் மேல் எதையும் போடாதீர்கள். வயசான, பல வருஷம் வெயில் பட்ட முகத்தில் சொரசொரவென்று ஒரு இடம் மட்டும் தடித்திருந்தால், உரிந்து திரும்பத் திரும்ப வந்தால், ஆறாமல் இருந்தால், ரத்தம் கசிந்தால், மச்சம் நிறமோ வடிவமோ மாறினால், அது சாதாரணச் சுருக்கமா வேறு ஏதாவதா என்று டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆசிட் போட்டு மேலே உரித்துவிட்டால் அடியில் இருப்பது தெரியாமல் நாள் போய்விடும். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது, காலையில் போய் ஓ.பி. சீட்டு வாங்கி, இதுவரை முகத்தில் போட்ட எல்லா டியூபையும் பாட்டிலையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அந்தத் தடத்தால் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டால், மற்ற இடத்துக்கு இந்த வயசில் ராத்திரி நல்ல கெட்டியான மாய்ஸ்சரைசர், பகலில் சன்ஸ்கிரீன், இதிலிருந்து தொடங்கட்டும். இரண்டு மாசம் கழித்தும் ஆசை இருந்தால் குளுக்கோனோலாக்டோன் மாதிரி மிருதுவான பி.எச்.ஏ. வாரத்துக்கு ஒரு ராத்திரி போடலாம்.